பன்னிரண்டு மணிக் கட்டம்

"மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நீ எங்க போறே?" என்று பேராசிரியர் முதன்முதலாகக் கேட்டபோது, அதைச் சாப்பாட்டைப் பற்றிய விசாரிப்பு என்றே நினைத்தேன். மனிதர் கனிந்துவிட்டார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எங்கயும் போகல சார். மாடியிலதான் இருப்பேன். ஒண்ணரைக்கு மேலதான் டிபன் பாக்ஸைத் திறப்பேன்" என்றேன்.

அவர் என் நோட்டின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. நான் நாள்வாரியாக, மணிவாரியாகக் கட்டம் போட்டு வைத்திருந்த பக்கம் அது. விரல் பன்னிரண்டு மணிக் கட்டத்தில் நின்றது.

"அப்படியா" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த நிறுவனத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. யாரும் என்றால் பெரிய கூட்டமில்லை. மூன்றே பேர்தான்: பேராசிரியர், நான், மாடிக்குப் பொறுப்பாக இருந்த அட்டெண்டர் அண்ணன்.

நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஹைதராபாத்தில். கடல் இல்லாத ஊரில் பவளப்பாறை ஆராய்ச்சியா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பேராசிரியர் தாவரவியல்காரர். வாழ்நாள் முழுக்க இலையும் வெயிலும் பற்றியே படித்தவர். பவளத்துக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டதும் அதையும் வெயிலில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டுவிட்டார். அனுமதியும் கிடைத்தது. பவளம்தான் கிடைக்கவில்லை. நேர்காணலுக்கு வந்தவர்களில் மண்டபம் பக்கத்துப் பையன் நான் ஒருவன்தான். "உங்க ஊர்ல இது கிடைக்குமா?" என்றார். "எங்கப்பா அதைத்தான் சார் உடைக்கிறாரு" என்றேன். என் மதிப்பெண்ணை அவர் அப்புறம்தான் பார்த்தார்.

அப்பா பாருக்குப் போகிறவர். கடலுக்குள் இருக்கும் பவளத்திட்டை நாங்கள் பார் என்போம். வள்ளத்தில் போய், கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து, கரையில் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போடுவார்கள். அண்ணன்மார் இருவரும் அதே வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போனவன் எங்கள் வீட்டில் நான்தான். பள்ளிக்கூடம், கல்லூரி, பிறகு உதவித்தொகையோடு ஹைதராபாத் என்று நான் நகர்ந்து வந்ததை வீட்டில் முழுக்க நம்பினார்களா என்று தெரியவில்லை. அப்பா போஸ்ட் ஆபீஸ்காரரிடம் சொல்லி எழுதிய கடிதத்தில் இப்படி இருந்தது: "நாங்க உடைக்கிற அதே கல்லை நீ அங்க உக்காந்து பாக்கிறதாச் சொல்றே. கல்லுக்கு வெயில் பட்டா என்ன, படாட்டி என்ன? அதைப் பாக்க ஒருத்தன் உனக்கு மாசாமாசம் படி தர்றான்னா, நீ வேற என்னமோ வேலை செய்றே. எதுவானாலும் சொல்லிரு."

உதவித்தொகை முதலில் ஆறு மாதத்துக்குத்தான். ஆறாம் மாத முடிவில் பேராசிரியர் ஓர் அறிக்கை அனுப்புவார். 'தொடரலாம்' என்று எழுதினால் இன்னும் இரண்டரை வருடம். எழுதாவிட்டால் அப்பாவின் வள்ளத்தில் ஓர் இடம் எப்போதும் காலிதான்.

பவளத்தை நானே போய்க் கொண்டுவந்தேன். கைப்பிடி அளவுத் துண்டுகள். பிளாஸ்டிக் வாளிகளில் கடல் தண்ணீர், மேலே துணி, பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு மாறி, செகந்திராபாத் வந்து சேர்வதற்குள் டிக்கெட் பரிசோதகர்கள் இருவரும் ஒரு போலீஸ்காரரும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். செகந்திராபாத் பார்சல் ஆபீஸில் இருந்தவர் வாளியை மோந்து பார்த்து, "மீனா, சாராயமா, எது?" என்றார். "கல்" என்றேன். "கல்லுக்கு எதுக்குய்யா காத்து?" என்று கேட்டு என்னை அரை மணி நேரம் உட்கார வைத்தார். பாதித் துண்டுகள் வழியிலேயே செத்துப்போயின.

மிச்சம் பிழைத்தவை எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டிகளில் இருந்தன. தொட்டியைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் ஓடும். வெயில் ஏறினால் அண்ணன் ஐஸ் கட்டியும் போடுவார். தண்ணீர் சூடேறக் கூடாது. வெயில் மட்டும்தான் மாற வேண்டும்.

வேலை இதுதான். பவளம் கல்லல்ல, சின்னஞ்சிறு உயிர்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வீடு. அந்த உயிர்களின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது. வெயிலில் பாசி சமைக்கும், பவளம் சாப்பிடும். சமைக்கும்போது பிராணவாயு வெளியே வரும். ஆகவே துண்டை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, காற்றுப் புகாமல் அரை மணி நேரம் மூடிவைத்து, பிறகு அந்தத் தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு கூடியிருக்கிறது என்று பார்த்தால், சமையல் எவ்வளவு நடந்தது என்று தெரிந்துவிடும். தண்ணீரை ரப்பர் குழாய் வழியாகச் சின்னப் பாட்டிலில் இறக்கி, இரண்டு மருந்து விட்டால் பழுப்பாகத் திரளும். பிறகு அமிலம், பிறகு கஞ்சிக் கரைசல். பாட்டில் முழுக்க மை கொட்டியதுபோல் நீலமாகிவிடும். அதில் சொட்டுச் சொட்டாக இன்னொரு மருந்தை விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் நீலம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எத்தனை சொட்டுக்குப் போயிற்று என்பதுதான் கணக்கு: சொட்டு கூடினால் பிராணவாயு கூடுதல். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை மணிக்கு ஒரு ஜாடி. கூடவே வெயில்மானியின் முள் எங்கே நிற்கிறது என்பதையும் குறிக்க வேண்டும்.

வெயில் ஏற ஏறச் சமையல் ஏற வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அடுப்பு முழுசாக எரிந்து, அப்படியே நிற்க வேண்டும். புத்தகத்திலும் அப்படித்தான் கோடு போட்டிருந்தது. பேராசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டியதும் அதே கோடுதான்.

என் நோட்டில் வந்தது வேறு. பத்து மணி வரை ஏறியது. அதன் பிறகு இறங்கியது. வெயில் உச்சியில் நிற்கிற பன்னிரண்டு மணிக்குக் காலை எட்டு மணி அளவுக்கு இறங்கிக் கிடந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் எழுந்தது. ஆனால் முள் ஒன்பது மணிக்கு நின்ற அதே இடத்தில் மூன்று மணிக்கும் நிற்கும். பிராணவாயு மட்டும் காலையளவுக்கு வராது.

"ஒரே வெயில், ஒரே கல். காலையில ஒரு பதில், சாயங்காலம் ஒரு பதில் சொல்லுதா?" என்றார் பேராசிரியர்.

"மரத்துலயும் உச்சி வெயில்ல குறையும்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"மரத்துக்கு இலையில துவாரம் இருக்குப்பா. தண்ணி ஆவியாப் போயிடும்னு மூடிக்கும். மூடினா காத்து உள்ள போகாது, சமையல் குறையும். இது தண்ணிக்குள்ளயே உக்காந்திருக்கு. எதுக்கு மூடணும்? எதை மூடணும்?"

பவளம் மூடவில்லை, யாரோ மேலே எதையோ போட்டு மூடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மாடியில் நனைந்த கோணிகள் எப்போதும் கிடக்கும். வேனில் மாதங்களில் எதைக் கண்டாலும் கோணியைப் போட்டு மூடுவது அண்ணனின் பழக்கம்: தண்ணீர்ப் பானை, மிதிவண்டி சீட்டு, தன்னுடைய மதியச் சாப்பாடு. ஜாடியை வைத்துவிட்டு நான் மருந்து எடுக்கக் கீழே சோதனைச் சாலைக்குப் போய் வருகிற கொஞ்ச நேரத்தில், பாவம் வெயிலில் வேகுதே என்று அதையும் மூடிவிடுகிறாரோ என்று சந்தேகப்பட்டேன்.

அவர் செகந்திராபாத் கண்டோன்மெண்ட்டில் பிறந்த தமிழர், கத்தோலிக்கர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். தம்பிமார் இருவரும் லாலாகுடா ரயில்வே பட்டறையில். அவர் பேசுவது தமிழ்தான் என்று பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'எதுக்கு' என்பதற்கு 'கைக்கு' என்று ஊர் உருது நடுநடுவே கலக்கும். நேராகக் கேட்டால் கோபித்துக்கொள்வார். அதனால் ஒருநாள் பதினொன்றேமுக்காலுக்கு ஜாடியை மூடி வைத்து, படியில் சத்தமாக இறங்கி, பின்பக்க இரும்பு ஏணி வழியாக மறுபடி மேலே ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். சிமெண்டு காலைச் சுட்டது. பத்து நிமிடம் ஆயிற்று. ஜாடிப் பக்கம் ஒருவரும் வரவில்லை. பீடி வாசனை மட்டும் வந்தது. தொட்டியை ஒட்டியே அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்தேன். அண்ணனும் அதே தொட்டிக்குப் பின்னால், அடுத்த மூலையில், குந்திக்கொண்டிருந்தார்.

"யாரது?" என்றார் திரும்பாமலே.

"நான்தாண்ணே. இங்க என்ன பண்றீங்க?"

"நீ என்ன பண்றியோ அதேதான்."

"ஜாடி மேல யாராவது கோணி போடுறாங்களான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"யாராச்சும்னா? இந்த மாடிக்கு வர்றது நீ, நான், காக்கா. காக்கா கோணி தூக்காது தம்பி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப என்னத்தான் சந்தேகப்பட்டே. நான் கைக்கு மூடணும்? எனக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன சொந்தமா?"

"நீங்க யாரைப் பாக்க உக்காந்தீங்கண்ணே?"

அவர் பீடியைத் தரையில் நசுக்கினார். "உன்னத்தான். சார் சொன்னாரு. பையன் மத்தியானம் மாடியில இருக்கானா, எங்கயாச்சும் நிழல்ல படுத்துக்கிறானா, பாத்துச் சொல்லுன்னாரு."

"சொன்னீங்களா?"

"ஹவ், சொன்னேன். இருக்கான்னு சொன்னேன். நம்பல. இருந்து என்ன செய்றான்னு பாருன்னாரு. எனக்கே புரியாத வேலைய நான் எப்படிப் பாக்கிறது?"

"என்னைப் பத்தி அவர் வேற என்ன சொன்னாருண்ணே?"

"நக்கோ தம்பி. அந்தப் பேச்சு நக்கோ. ரெண்டு பக்கமும் சொல்றவன் நான் இல்ல."

அன்றைக்குப் பன்னிரண்டு மணி ஜாடியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் திறந்தோம். யாரும் மூடவில்லை என்பதற்கு இரண்டு சாட்சி. கணக்கு எப்போதும்போல் இறங்கியே இருந்தது.

பேராசிரியரின் அடுத்த சந்தேகம் நிறத்தைப் பற்றியது. ஒரே பவளத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் திறந்த வெயிலிலும் ஒரு பாதியை மூங்கில் தட்டி நிழலிலும் வைத்திருந்தேன். மூன்று வாரத்தில் நிழலில் இருந்தது நன்றாகக் கருத்துப்போயிற்று. வெயிலில் இருந்தது வெளிறிவிட்டது. பேராசிரியர் மாடிக்கு வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இடத்தை மாத்தி வச்சுட்டியா?"

"இல்ல சார்."

அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ?"

"நான் தொடுறதே இல்ல சார். ஆனா இது உல்ட்டாவாத்தான் இருக்கு. நம்ம புள்ளைங்க வெயில்ல சுத்துனா கருக்குது, ஊட்ல கெடந்தா வெளுக்குது. இது பேமானி கல்லு, ஏமாத்துது."

வெளிச்சம் குறைந்த இடத்தில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கப் பாசி தன் நிறத்தைக் கூட்டிக்கொள்கிறது என்பது பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு அவர் செய்த காரியம், பையிலிருந்து சிவப்பு நூலும் பச்சை நூலும் எடுத்து, துண்டுக்கு ஒன்றாகக் கட்டி, தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டதுதான். மறுநாள் வந்து முடிச்சைச் சரிபார்த்தார். அதற்கடுத்த நாளும்.

ஐந்தாம் மாதத்தில் என்னை அறைக்குக் கூப்பிட்டு நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். பன்னிரண்டு மணிக் கட்டங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். முகம் தெளிந்தது.

"இது. இந்த ஒரு நாள் சரியா வந்திருக்கு. பத்து மணிக்கு மேல ஏறி, அப்படியே நிக்குது. பன்னிரண்டு, ஒண்ணு, ரெண்டு, எல்லாம் ஒழுங்கா இருக்கு. அன்னிக்கு நீ சிரத்தையா வேலை பாத்திருக்கே. மத்த நாளெல்லாம் என்ன பண்ணினே?"

நான் குனிந்து தேதியைப் பார்த்தேன். அந்த ஒரு நாள்தான் நான் மாடியில் இல்லை.

மூன்றாம் மாதத்தில் நடந்தது அது. ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அறிவியல் படித்தவர்களுக்கு வேலை என்று விளம்பரம் வந்திருந்தது. நிரந்தர வேலை, குடியிருப்பு, பென்ஷன். பேராசிரியரிடம் சொன்னால், ஒரு காலை அந்தப் பக்கம் வைத்திருக்கிறவனுக்கு எதற்கு உதவித்தொகை என்பார். சொல்லாமல் போனேன். காலைப் பத்து மணி ஜாடி வரை பார்த்துவிட்டு பஸ் பிடித்தேன். கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிடவே மூன்று மணியாயிற்று. திரும்பி வந்தபோது நான்கரை. ஐந்து மணி ஜாடியை மட்டும் வைத்தேன். நடுவில் ஆறு கட்டங்கள் காலியாக இருந்தன. காலியாகவே விட்டிருக்கலாம். ஆனால் ஏன் காலி என்று கேட்பார். புத்தகத்தில் இருந்த கோட்டைப் பார்த்து, எது வர வேண்டுமோ அதைச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தோடு எழுதி நிரப்பினேன். அந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்க்கும் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து பதிலே வரவில்லை.

என் பொய் ஒன்றைத்தான் அவர் நம்பினார். உண்மை எல்லாம் கேள்விக்குறியோடு கிடந்தது.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றார். "இந்த நாள் மாதிரி மத்த நாளும் வந்தா, தொடரலாம்னு எழுதுவேன். வரலைன்னா நான் என்னன்னு எழுதறது? பையன் மத்தியானம் தூங்குறான்னா?"

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குப் பேனாவைத் திறந்துகொண்டு ஜாடி பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன எண்ணை எழுதினால் அவர் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து நாள் எழுதினால் போதும். வள்ளமும் கடப்பாரையும் நினைவுக்கு வந்தன. அப்பாவின் உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு நீர் படும்போது அவர் பல்லைக் கடிப்பது நினைவுக்கு வந்தது. எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பாட்டிலில் நீலம் மறைகிற சொட்டைப் பார்த்துவிட்டு வேறு எண்ணை எழுதக் கை வரவில்லை. பார்க்காமல் எழுதியது எளிதாக இருந்தது. பார்த்துவிட்டு எழுத முடியவில்லை. அது நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறங்கிய எண்ணையே எழுதி, நேராக அவரிடம் போனேன். "சார், நீங்களே ஒருநாள் மாடியில உக்காந்து பாருங்க. பாட்டில் எந்த மணியோடதுன்னு எனக்கும் தெரிய வேண்டாம், உங்களுக்கும் தெரிய வேண்டாம். தெரியாமலே ரெண்டு பேரும் கணக்குப் பாப்போம்."

"யாருக்குத் தெரியும் அப்ப?"

"அண்ணனுக்கு."

"அவனை நான் நம்பணுமா?"

"என்னை நம்புறதுக்கு அவரை நம்பலாம் சார்."

ஏற்பாடு இப்படி அமைந்தது. நாள் முழுக்க மணிக்கு ஒரு ஜாடி. நான் தண்ணீரைப் பாட்டிலில் இறக்கியதும் அண்ணன் அதை வாங்கிக்கொண்டு போய், மணிக்குப் பதில் வேறு பெயர் ஒன்றை எழுதிப் பிளாஸ்திரி ஒட்டுவார். எந்த மணிக்கு எந்தப் பெயர் என்ற சீட்டு அவரிடம். மாலையில் சீட்டை உறையில் போட்டு, பேராசிரியர் அரக்கு வைப்பார். உறை பீரோவுக்குள். பீரோச் சாவி என்னிடம். மூன்று பேரும் ஒருவரையொருவர் இவ்வளவு கச்சிதமாக நம்பாமல் இருந்ததால்தான் அது சரியாக நடந்தது.

பேராசிரியர் காலை ஏழு மணிக்கே மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார். தலையில் ஈரத் துண்டு. மதியம் சாப்பிடக்கூடக் கீழே இறங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு வெயில்மானியின் முள்ளைத் தானே பார்த்தார். ஜாடியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். கோணிகளையெல்லாம் மாடிச் சுவருக்கு வெளியே தள்ளிவிடச் சொன்னார்.

"அது நம்ம கோணி சார்" என்றார் அண்ணன்.

"அதான் தள்ளச் சொல்றேன்."

மறுநாள் காலை அவரே சொட்டு விட்டார். நான் எழுதினேன். பாட்டில் பெயர்களைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல். "என்னப்பா இது, ரயில்வே கைடா?" அண்ணன் ஸ்டேஷன் பெயர்களை ஒட்டியிருந்தார்: லாலாகுடா, மௌலாலி, காட்கேசர், பீபிநகர், போங்கீர், காஜிபேட் என்று. வரிசையாக அல்ல, கலைத்து.

"காட்கேசர்" என்று படித்துவிட்டுச் சொட்டு விடுவார். நீலம் போகும். எண்ணைச் சொல்வார். "போங்கீர்." மறுபடி. நடுவில் ஒரு பாட்டிலில் சீக்கிரமே நீலம் போய்விட்டது. "மௌலாலி. இது விடியற்காலைப் பாட்டில்தான், பந்தயம்" என்றார்.

எல்லாம் முடிந்ததும் சாவியை நான் கொடுக்க, அரக்கை அவர் உடைக்க, அண்ணன் சீட்டைப் படித்தார். "லாலாகுடா ஏழு மணி. காட்கேசர் பத்து மணி. மௌலாலி..." என்று நிறுத்தி, என்னைப் பார்த்தார். "மௌலாலி பன்னெண்டு மணி சார்."

பேராசிரியர் சீட்டை வாங்கித் தானே படித்தார். பிறகு திருப்பி வெறும் பக்கத்தையும் பார்த்தார்.

"சரி" என்றார் சீட்டை மேசையில் வைத்துவிட்டு. "வெயில் அதிகமானா குறைச்சுக்குதுன்னா, வெயிலைக் குறைச்சா கூடணும். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ரெண்டு ஜாடி வை. ஒண்ணை அப்படியே வெயில்ல விடு. ஒண்ணுக்கு மேல கோணி போடு."

"கோணியைத் தள்ளிட்டீங்களே சார்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத் தானே கீழே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

மறுபடி அதே ஏற்பாடு. பெயர் தெரியாத பாட்டில்கள். கோணிக்குக் கீழே இருந்த ஜாடிதான் அதிகம் கொடுத்தது. உச்சி வெயிலில், பாதி இருட்டில் இருந்த பவளம் திறந்த வெயிலில் இருந்ததைவிடச் சுறுசுறுப்பாகச் சமைத்திருந்தது. பேராசிரியர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "அளவுக்கு மேல நெருப்பு வந்தா அடுப்பைத் தானே தணிச்சுக்குது போல. இல்லாட்டா பாத்திரம் கருகிடும். சாயங்காலம் வெயில் குறைஞ்சதும் உடனே முழு அடுப்பும் பத்திக்காது. கொஞ்சம் நேரம் ஆகும். அதனாலதான் மூணு மணிக்கு ஒன்பது மணிக் கணக்கு வர்றதில்ல." எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் கண்ணாடிக்குச் சொன்னார். பிறகு திரும்பி, "நீ பார்த்தது சரிதான்பா" என்றார். ஐந்து மாதத்தில் முதல்முறை.

நான் அப்போதே வெளியே வந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவர் என் நோட்டைக் கேட்டார். ரப்பரை எடுத்துப் பன்னிரண்டு மணிக் கட்டங்களில் தான் போட்ட கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் கை நின்றது.

"இப்ப இதுதான் ஒட்டல" என்றார். முகத்தில் உற்சாகம்தான் இருந்தது. "எல்லா நாளும் இறங்குது, இந்த ஒரு நாள் இறங்கல. ஏன்? மேகமா? முள் என்ன சொல்லுது? நல்ல வெயில்தான் போட்டிருக்கே. அப்ப அன்னிக்கு அந்தப் பவளம் எப்படித் தாங்கிச்சு? இதைப் பிடிச்சோம்னா பெரிய விஷயம்பா. அந்தத் துண்டு எது? அதை வச்சே அடுத்த ஆறு மாசம் ஓட்டலாம். அறிக்கையில முதல்ல இதைத்தான் எழுதப் போறேன்."

மேகம் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் துண்டு செத்துப்போயிற்று என்று சொல்லியிருக்கலாம். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். இல்லாத ஒரு பவளத்தைத் தேடி அடுத்த ஆறு மாதம் அவரும் நானும் மாடியில் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது.

"அன்னிக்கு நான் இல்ல சார்" என்றேன்.

"எங்க இல்ல?"

"மாடியில இல்ல. வேலைக்கு இண்டர்வியூக்குப் போயிட்டேன். பதினோரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நானா எழுதினது. முள்ளும் நானா எழுதினதுதான்."

அவர் பேனாவை மூடினார். வாசலில் நின்ற அண்ணன் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

"நான் நம்பினது இந்த ஒரு நாளைத்தான்" என்றார் பேராசிரியர். குரல் உயரவில்லை. "மத்த நாளெல்லாம் நீ பொய் எழுதலைன்னு எனக்கு இப்பத் தெரியும். உனக்குப் பொய் எழுத வரும்னும் இப்பத்தான் தெரியும். ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன எழுதறது?"

வெளியே அனுப்பிவிட்டார். நான் அன்றைக்கே, லாலாகுடாவில் வாடகைக்கு இருந்த என் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி வைத்தேன். மறுநாள் மாடிக்குப் போகலாமா கூடாதா என்று தெரியாமலே போனேன். அண்ணன் தொட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"ஹவ். அன்னிக்கு நீ டை கட்டிட்டுப் போனியே. தொட்டிக்கு ஐஸ் போட்டது நான்தான். ஜாடி காலியாக் கெடந்துச்சு."

"சார்ட்ட சொல்லலையே?"

"உன்னப் பாக்கச் சொன்னது அதுக்கப்புறம். முன்னாடி பாத்ததை அவர் கேக்கல." இன்னொரு ஐஸ் கட்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, "கேட்டிருந்தா சொல்லிருப்பேன் தம்பி" என்றார்.

மூன்றாம் நாள் அறிக்கை தட்டச்சாகி வந்தது. கடைசி வரியில் 'தொடரலாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே பேராசிரியர் கையால் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: இனி நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தோடு, கூட இருந்து பார்த்த ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். பொய்யாக எழுதிய பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, நான் அங்கே கையெழுத்திட வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. கிழிக்கவில்லை. அது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

இரண்டரை வருடம் அண்ணன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முதல் வாரம் அவர் சும்மா போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஜாடி பக்கத்திலேயே உட்கார்ந்தார். நீலம் மறைகிற சொட்டை நான் பார்த்த பிறகு தானும் குனிந்து பார்த்தார். சிலநாள், "இன்னொரு சொட்டு விடு, எனக்கு இன்னும் நீலமாத் தெரியுது" என்று வாதாடுவார். அவருக்கு ஜுரம் வந்து படுத்த நாட்களில் கட்டங்கள் காலியாகவே இருந்தன. ஏன் காலி என்று பேராசிரியர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் பக்கத்தை அண்ணன் முன்னால் வைத்தால், பேனாவை வாங்கிக்கொண்டு, எண்களைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். "பாத்தியா தம்பி?" என்பார். பார்த்தேன் என்பேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.